துறைமுகக் கணக்கில் ‘பூட்டினால்?’ என்றொரு நிரல்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் துறைமுக அலுவலகத்துக்கு நான் கேக் வாங்கிக்கொண்டு போனேன். இந்த நாட்டு வழக்கம் அப்படி. கொண்டாட்டம் யாருக்கோ, அவரே கேக்கையும் சுமந்துகொண்டு போய் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எனக்குப் பிறந்தநாள் இல்லை. கொழும்பை விட்டு நோர்வேக்கு வந்து அன்றோடு இருபது வருஷம்.

“வந்து இறங்கின நாளுக்கெல்லாம் ஆரும் கேக் வாங்குவினமே?” என்று என் மனைவி வசுகி கேட்டாள். நான் வாங்கினேன். கேக்கை ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை எல்லாம் என் கணக்கின் தலையில் விழுந்தது.

நான் கட்டட வேலைகளுக்கு அளவும் செலவும் கணக்கிடுகிறவன். குவான்டிட்டி சேர்வேயர் என்றால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். பாதிக் கொழும்பு அதைப் படித்துவிட்டுத்தானே வெளிநாடு போனது. இங்கே மேற்குக் கரையில் ஒரு சிறிய துறைமுக நகரத்தில் வேலை. கடல் மெல்ல மெல்ல ஏறுகிறது, புயல்களும் முன்னைப் போல் இல்லை. துறைமுகத்தைக் காப்பாற்றி வைக்க என்ன செய்ய வேண்டும், இப்போது செய்தால் எவ்வளவு, பிறகு செய்தால் எவ்வளவு, ஒன்றுமே செய்யாமல் விட்டால் எவ்வளவு என்று கொம்யூன் கேட்டது. கொம்யூன் என்றால் நம்மூர் மாநகர சபை மாதிரி, ஆனால் கடிதத்துக்குப் பதில் போடும். கப்பல்களைக் கட்டி நிறுத்தும் மேடையை உயர்த்துவது, மின்சாரப் பெட்டிகளை மேலே ஏற்றுவது, பம்புகள் பொருத்துவது என்று பல மாதமாக விலை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டவணையில் மேலிருந்து கீழாகப் போகும் கடைசி நிரலுக்கு நான் வைத்திருந்த தலைப்பு ‘பூட்டினால்?’ என்பது. தமிழ் எழுத்தில்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன் நோர்வேஜிய மொழிக்கு மாற்றுவோம் என்று விட்டிருந்தேன். மாற்றாமலே முதல் வரைவை அனுப்பிவிட்டேன். கொம்யூனில் ஒருவர் அதைக் கணினி வைரஸ் என்று பயந்து கோப்பை மூடிவிட்டாராம். இருபது வருஷமாக இவர்களுடைய மொழியில் சம்பளம் வாங்குகிறேன், ஆனாலும் சந்தேகம் மட்டும் எனக்குத் தமிழில்தான் வருகிறது.

என் மேலதிகாரி ஐவின் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார். “சிவா, இந்த அழகான எழுத்துக்கு என்ன அர்த்தம்?”

“பாதை பூட்டிவிட்டால் என்ன செய்வது என்று அர்த்தம்.”

“எந்தப் பாதை?”

“எந்தப் பாதை என்றாலும்.”

ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு போனார். மின்சாரம் நின்றால் வேறு வழி என்ன, கிரேன் நின்றால் எது காத்திருக்கும், எது பழுதாகும். தலையை ஆட்டினார், பிடித்திருந்தது. கடைசி வரியில் நிறுத்தினார். அது துறைமுகத்துக்கு வெளியே உள்ள சுரங்கப் பாதை. ரயில் தண்டவாளத்துக்குக் கீழால் போகும் அந்த ஒரே பாதையால்தான் எங்கள் லொறிகள் ஊருக்குள் போக வேண்டும். கடந்த இலையுதிர் காலத்தில் கடல் வடிகால் வழியாகத் திரும்பி ஏறி அதை நிரப்பிவிட்டது. துறைமுகத்துக்குள் ஒரு சரக்குப் பெட்டிகூட நனையவில்லை. ஆனால் ஒரு பெட்டிகூட வெளியே போகவும் இல்லை. அந்தப் பாதைக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லம் இருக்கிறது. வசுகிக்கு அங்கேதான் வேலை. அன்று மாற்று ஆட்கள் வர முடியாமல் அவள் அடுத்த நாள் வரை அங்கேயே நின்றாள். மருந்தும் உணவும் ஏற்றிய லொறி இந்தப் பக்கம் நின்றது.

“இது துறைமுக வேலிக்கு வெளியே” என்றார் ஐவின். “பாதை வீதித் திணைக்களத்துடையது.”

வீதித் திணைக்களத்திடம் நான் முன்பே கேட்டிருந்தேன். பாதை எங்களுடையதுதான், ஆனால் தண்ணீர் கடல் தண்ணீர், ஆகவே துறைமுகத்தைக் கேளுங்கள் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். இனி அந்தத் தண்ணீரிடமே போய், நீ யாருடைய ஆள் என்று கேட்பதுதான் மிச்சம்.

“திங்கட்கிழமை முடிவெடுப்போம்” என்றார் ஐவின். “ஆனால் சிவா, என் எண்ணம் இந்த வரியை எடுத்துவிடலாம் என்பது.”

இந்த அறிக்கையில் இல்லாத வேலைக்கு இன்னும் பல வருஷம் காசு ஒதுக்க மாட்டார்கள். வசுகியின் முதியவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். அவர்களில் பலரால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

2

அந்த நிரல் என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. மேரி ஸ்டெல்லாவுடையது.

யுத்த காலத்தில் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெடியன்கள் நிறைந்த லொட்ஜ். வேலை கொட்டாஞ்சேனையில், மாடிப்படியில் எப்போதும் மீன் பொரியல் வாசம் அடிக்கும் ஒரு சின்ன ஒஃபிஸ். காலி வீதியால் பஸ் ஏறிக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியில் எத்தனை இடத்தில் இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் பெருவிரலால் மறைத்தபடி நிற்பேன். மறைத்து என்ன பயன், அவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

ஸ்டெல்லாவுக்கு என் வயதுதான். எனக்கு அடுத்த மேசை. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து, மூன்றிலும் சண்டை பிடிப்பாள். நான் இரண்டு மாதம் பழகிய பிறகுதான் அவளோடு பயமில்லாமல் கதைத்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்துக்கு நாங்கள் தரை போட்டுக்கொண்டிருந்தோம். கலந்த கொங்கிரீட்டை உருளையில் சுழற்றிக்கொண்டு வரும் லொறி புறப்பட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ பெரிய ஆள் போகிறார் என்று வீதியைப் பூட்டினார்கள். லொறி வெயிலில் நின்றது. கொங்கிரீட்டுக்குப் பெரிய ஆள் சின்ன ஆள் தெரியாது, அது உருளைக்குள்ளேயே இறுகிவிட்டது. பிறகு ஆட்கள் உருளைக்குள் இறங்கி உடைத்து எடுத்தார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டினார். நாங்களும் கூடச் சேர்ந்து திட்டினோம்.

ஸ்டெல்லா திட்டவில்லை. அடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஓரமாக ஒரு கோடு கீறி, மேலே ‘பூட்டினால்?’ என்று எழுதினாள்.

“இது என்ன?” என்று கேட்டேன்.

“ரோட் பூட்டுவாங்க. அது நமக்குத் தெரிஞ்ச விஷயம். தெரிஞ்ச விஷயத்த கணக்குல போடாம, பொறகு ஏன் ஐயோண்டு கத்தணும்?”

“அதெல்லாம் கணக்குப் பார்க்கேலாது ஸ்டெல்லா. எப்ப பூட்டுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“எப்பண்டு நான் கேக்கல சிவா. பூட்டினா என்ன செய்யிறதுண்டுதான் கேக்கிறன். வேற எந்த ரோட், எது காத்திருக்கும், எது பழுதாகும். எழுதுங்க.”

அன்றிலிருந்து எங்கள் ஒஃபிஸில் ஒரு கழிவறைக்கு விலை போட்டாலும் அந்த நிரல் இருக்கும். உலகத்தில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் இடர் மதிப்பீடு என்று இப்போது படிப்பிக்கிறார்கள். நானும் இங்கே வந்து அந்தப் படிப்பைப் படித்தேன். படிக்கப் படிக்க, இதைத்தானே அந்தப் பெண் கோடு கீறி எழுதினாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

3

பேச்சுவார்த்தை நடந்த காலம். யுத்தம் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. கடல் ஏறினால் கொழும்புத் துறைமுகத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்க வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வந்தார். செலவு மதிப்பீடு எப்படியோ எங்கள் சின்ன ஒஃபிஸுக்குக் கிடைத்தது. குண்டுக்குப் பயந்துகொண்டிருந்த ஊரில் கடலுக்குப் பயப்பட ஒருவர் வந்தது எங்களுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

துறைமுகத்துக்குள் போக அனுமதி வேண்டும். ஸ்டெல்லாவுக்குக் கிடைத்தது. எனக்கு மறுத்துவிட்டார்கள். பிறந்தது யாழ்ப்பாணம், இருப்பது வெள்ளவத்தை லொட்ஜ். காரணம் கேட்க வேண்டிய தேவை இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

“என்னத்துக்கு விலகுறது?” என்றாள். “உள்ள நான் பாக்கிறன். வெளிய நீங்க பாருங்க.”

“வெளியில என்ன இருக்கு பார்க்க?”

“கப்பல்ல வாற மாவு மதிலுக்குள்ளயே சாப்பிடுறதுக்கா வருது?”

அப்படித்தான் நான் துறைமுக மதிலைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். நடக்க நடக்க அவள் சொன்னதன் பெறுமதி விளங்கியது. கடல் உயர்ந்து நிற்கும் நேரம் பெரிய மழை பெய்தால் வடிகாலில் உள்ள தண்ணீருக்குப் போக இடமில்லை. அது வீதிக்கு ஏறும், லொறிகள் வாசலிலேயே நிற்கும். உள்ளே மேடையை எவ்வளவு உயர்த்தினாலும், வெளியே அந்தப் பள்ளமான வீதியை விட்டுவிட்டால் துறைமுகம் தீவாகிவிடும்.

இதெல்லாம் சரி. ஆனால் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் கையில் அளவு நாடாவோடு துறைமுக வாசலில் நின்று வடிகாலின் ஆழத்தை அளந்து எழுதினால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ‘பூட்டினால்?’ கேட்ட நாங்கள் அதற்கு மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் காலை இரண்டு ஆமிக்காரர் என்னைப் பிடித்துப் பக்கத்துப் பொலிஸில் கொண்டுபோய் இருத்தினார்கள்.

அளந்ததை எல்லாம் எழுதியிருந்தேன், வாசலிலிருந்து எத்தனை மீற்றர், வடிகால் எவ்வளவு ஆழம் என்று. அந்தக் காலத்தில் அப்படி ஒரு தாள் ஒரு தமிழனின் சட்டைப்பையில் இருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்த நேரம் ஒரு சொல்தான் மிஞ்சியது. “வதுர, வதுர” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தண்ணீர் என்று அர்த்தம். ஒரு பொலிஸ்காரர் எனக்குத் தாகம் என்று நினைத்து ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

வாசலில் பார்த்த யாரோ சொல்லி, மத்தியானம் ஸ்டெல்லா வந்தாள். துறைமுகத்துக்குள் போட்டிருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்ற மறந்து, அப்படியே வந்திருந்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டர் முன்னால் இருந்தாள். எங்கள் ஒஃபிஸின் கடிதத்தைக் கொடுத்தாள். பிறகு சிங்களத்தில், ஐயா என்கிற மாதிரி மாத்தயா போட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“மாத்தயா, போன பெரிய மழைக்கு இந்தப் பொலிஸுக்குள்ள தண்ணி வந்ததா?”

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வந்தது.”

“எவ்வளவுக்கு?”

அவர் தன்னை அறியாமல் கையைக் கீழே கொண்டுபோய் முழங்காலுக்குச் சற்றுக் கீழே காட்டினார்.

“இல்லை சேர்” என்றார் எனக்குத் தண்ணீர் தந்த பொலிஸ்காரர். “அதுக்கும் மேல. என்ட சப்பாத்து ரெண்டும் மிதந்து அந்த மேசைக்குக் கீழ போனது.”

“அது வேற மழை.”

“இல்லை சேர், அதே மழைதான்.”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் அலுமாரியைத் தள்ளி, பின்னால் சுவரில் இருந்த கறையைக் காட்டினார். இன்ஸ்பெக்டரே எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்.

“சிவா, இருக்கிறத பாத்துட்டு நிக்காம அளந்து எழுதுங்க.”

என் நாடா மேசையில் சாட்சிப் பொருளாகக் கிடந்தது. எடுக்கலாமா என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் தானே எடுத்துத் தந்தார். என்னைப் பிடித்துக்கொண்டு வரக் காரணமான அதே நாடாவால் அந்தப் பொலிஸ் நிலையத்தின் சுவரை அளந்தேன். மறுமுனையை இன்ஸ்பெக்டர் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

பின்னேரம் விட்டார்கள். கடிதத்தில் உள்ள நம்பருக்குப் போன் எடுத்து உறுதிசெய்த பிறகுதான் விட்டார்கள். இனி அளப்பதென்றால் தங்களுடைய ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அடுத்தடுத்த நாட்களில், சப்பாத்து மிதந்த அந்தப் பொலிஸ்காரர்தான் என் நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். “இங்கயும் ஏறும் மல்லி, இங்கயும் எழுது” என்று இடம் காட்டினார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

வெளியே வந்து ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். தொப்பியைப் பொலிஸில் விட்டுவிட்டேன் என்று ஸ்டெல்லா எழும்பினாள், அது அவள் தலையிலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவளுக்கும் என் அளவுக்குப் பயம் இருந்திருக்கிறது. அதை அங்கே காட்டவில்லை. அதற்கு மேல் ஒரு துணிவை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

வெளிநாட்டு நிபுணரும் ஐவின் சொன்னதைத்தான் சொன்னார்: மதிலுக்கு வெளியே எங்கள் வேலை இல்லை. ஸ்டெல்லா அவரிடமும் அந்த மாவுக் கேள்வியைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, எங்கள் வீதிக் கணக்கை அறிக்கையின் கடைசியில் இணைப்பாகச் சேர்த்தார். அதன்படி ஏதாவது செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. யுத்தம் மறுபடி தொடங்கியது, கடலைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை.

லொட்ஜில் சோதனை கூடியது. எனக்கு நோர்வேயில் படிக்க இடம் கிடைத்திருந்தது, போவதா விடுவதா என்று இழுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா தன் மேசையிலிருந்து நிமிராமலே கேட்டாள்.

“சிவா, உங்களுக்கு அந்த நிரல் போட்டுப் பாத்தீங்களா? கொழும்பு பூட்டினா உங்களுக்கு எந்த ரோட்?”

நான் நோர்வேயிலிருந்து வந்த கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தேன்.

“அப்ப இதுதான் ரோட். போங்க.”

“உங்களுக்கு?”

“நான் கொட்டாஞ்சேனைக்காரி. எனக்கு எல்லா சந்தும் ஒழுங்கையும் தெரியும்.”

4

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டில், அந்த வரியை எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். என் மகள் தாரா நோர்வேஜிய மொழியில், “பப்பா, அது உங்கள் வேலிக்குள் இல்லையே, ஏன் டென்ஷன்?” என்றாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்பேன், அவள் அந்த மொழியில் பதில் சொல்வாள். சாப்பாட்டு மேசை ஒரு சர்வதேச மாநாடு மாதிரி இருக்கும். ஆமி பூட்டிய ரோட்டைத் தன் வாழ்க்கையில் அறியாத பிள்ளை. அவள் அப்படி வளர வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன். ஆனாலும் என் கதைகள் அவளுக்கு வேறு கிரகத்துக் கதைகளாகிவிட்டது சில நேரம் வலிக்கிறது.

வசுகி தாராவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள். “அண்டைக்கு எங்கட இல்லத்தில ஒரு கிழவி இரவு முழுக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டே இருந்தவா. லொறி எப்ப வரும், லொறி எப்ப வரும் எண்டு கேட்டுக்கொண்டு. எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை.” தாரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு அது தெரியாது. அம்மா அன்று வீட்டுக்கு வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் நான் தயாரித்துக்கொண்டு போன பேச்சு ஒன்று இருந்தது. இலக்கணம் எல்லாம் தாராவிடம் சரிபார்த்தது. ஐவின், “கடைசி வரி?” என்று கேட்டதும் அதெல்லாம் மறந்துபோனது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த மொழியில் வினைச்சொல் எங்கே வர வேண்டுமோ அங்கே வரவில்லை, யாரும் திருத்தவும் இல்லை.

“கப்பலில் வருகிற மருந்தை வேலிக்குள்ளேயே யாராவது குடிக்கிறார்களா?” என்று கேட்டேன்.

நான் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். அலுமாரியைத் தள்ளியதை, இன்ஸ்பெக்டர் குனிந்து நாடாவைப் பிடித்ததை, சப்பாத்து மிதந்ததை. சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. எங்கள் மின்சார வேலைக்குப் பொறுப்பான பெண், அன்று சுரங்கப் பாதையில் தன் கார் எங்கே நின்றது என்று சொல்லத் தொடங்கினார். இன்னொருவர், தண்ணீர் அதற்கும் மேலே ஏறியது என்றார். “இல்லை, அது வேறு நாள்” என்றார் மற்றவர். கொட்டாஞ்சேனையில் கேட்ட அதே வாக்குவாதம், மொழிதான் வேறு.

ஐவின் எழுந்து ஜாக்கெட்டைப் போட்டார். “வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்” என்றார்.

மழைத்தூறலில் எல்லோரும் நடந்தோம். சுரங்கப் பாதையின் சுவரில் கறை இருந்தது. நான் நாடாவை எடுத்தேன். ஐவின் கேட்காமலே மறுமுனையை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

வரி இருக்கிறது. வீதித் திணைக்களம் பாதிச் செலவை ஏற்க வேண்டும் என்ற குறிப்போடு கொம்யூனுக்குப் போயிருக்கிறது. ஆகவே இன்னும் நிறையக் கடிதங்கள் மரியாதையாகப் போய் வரும். பரவாயில்லை, கணக்கில் ஏறிவிட்டால் அதை யாரும் சும்மா அழிக்க முடியாது. தலைப்பை நான் நோர்வேஜிய மொழிக்கு மாற்றினேன். ஐவின் பக்கத்திலேயே தமிழையும் விடச் சொன்னார், வைரஸ் இல்லை என்று ஒரு அடிக்குறிப்போடு.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தேன். ஸ்டெல்லா இப்போது சொந்தமாக ஒரு ஒஃபிஸ் நடத்துகிறாள். குரலில் மாற்றம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய நிரல் நோர்வேயின் ஒரு துறைமுக அறிக்கையில் தமிழ் எழுத்தில் இருக்கிறது என்றதும், கேள்விக்குறியும் போட்டிருக்கிறதா என்று கேட்டாள். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தாள்.

“நல்லது. ஆனா நீங்க உங்கட நிரல எழுதினீங்களா?”

“எனக்கு இனி என்ன ஸ்டெல்லா? இங்க ஒண்டும் பூட்ட மாட்டாங்கள்.”

“அப்பிடி சொல்லாதீங்க. கொழும்புலயும் அப்பிடித்தான் நெனச்சம்.” யாரையோ சிங்களத்தில் அதட்டிவிட்டுத் திரும்ப வந்தாள். “எழுதிக்கங்க சிவா. எப்பயாவது அங்க பூட்டினா, வசுகியையும் புள்ளையையும் கூட்டிட்டு இங்க வாங்க. எங்க வீட்டு மேல் மாடி சும்மாதான் கெடக்கு.”

நான் ஒரு தாளை இழுத்து, ஓரமாக ஒரு கோடு கீறி எழுதத் தொடங்கினேன்.

“மழை நாள்ல வந்தா மட்டும் நீங்க அளந்த அந்தக் கீழ் ரோட்டால வராதீங்க” என்றாள். “அது இன்னும் அப்பிடியேதான் இருக்கு. மேல் ரோட்டால வாங்க.”